மொட்டைமாடிப் போர்வை

கேமராக்காரி என்றால் அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஊரே இடிந்தும் எழும்பியும் கொண்டிருந்த காலம். மற்ற போட்டோகிராபர்கள் திறப்புவிழாக்களுக்கு ஓட, இவள் மட்டும் பஸ்ஸில் தூங்குகிறவர்களையும் குழாயடியில் சண்டை போடுகிறவர்களையும் எடுத்துக்கொண்டிருந்தாள். பிழைக்கத் தெரியாதவள் என்றார்கள். இவள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அப்படித்தான், மொட்டைமாடியில் தலை உலர்த்திக்கொண்டு வாய்விட்டுச் சிரித்த தன் சித்தியை எடுத்தாள். மறுநாள் படம் வந்தது. அதன் கீழே ஆசிரியர் எழுதியிருந்தார்: 'புதிய குடியிருப்புக்குப் போகும் மகிழ்ச்சியில் ஓர் இல்லத்தரசி.'

அடுக்குமாடி கட்ட வீட்டை இடிப்பதற்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒற்றை ஆளாக மல்லுக்கு நிற்பவள் சித்தி. பேப்பரைச் சுருட்டி இவள் தோளில் ஒன்று வைத்தாள்.

"நான் எங்கடி போறேன்னு சொன்னேன்? 'நீயும் ஒத்துக்கிட்டியா'ன்னு தெருவே கேக்குது. உன்னால என் மானம் போச்சு!"

கூனிக்குறுகிப் போனவள் நேரே ஆசிரியரிடம் போய்த் திருத்தம் போடச் சொன்னாள்.

"சிரிக்கிறாங்கல்ல? அப்புறம் என்ன? திருத்தமெல்லாம் முடியாது. நாளைக்கு அவங்க தெருவுலயே புது அடுக்குமாடித் திறப்புவிழா. ஒழுங்கா மந்திரியை எடுத்துட்டு வா."

"சரி சார்" என்றாள். அவள் அத்தனை சுலபமாகத் தலையாட்டியபோதே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

அன்று மாலையே விழா மைதானத்துக்குப் போனாள். பத்திரிகைக்காரர்களுக்கென்று பலகை மேடை போட்டிருந்தார்கள். அதில் ஏறிக் கேமராவைக் கண்ணில் வைத்தாள். கீழே மந்திரி பேசப்போகும் மைக், மேலே புதுக் கட்டடம், இரண்டுக்கும் நட்டநடுவில் சித்தியின் மொட்டைமாடி. அங்கிருந்தே போன் போட்டாள்.

"சித்தி, உன்கிட்ட இருக்கிறதுலயே பெரிய போர்வை எது?"

மறுநாள் மந்திரி பேச எழுந்ததும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. விழா மேடையில் இருந்தவர்களுக்குச் சித்தியின் மொட்டைமாடி முதுகுப்புறம். தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து மந்திரியும் சிரித்தார். கேமராக்கள் சடசடத்தன.

மாலையில் ஆசிரியர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். படத்தில் மந்திரியின் தலைக்குமேல் கொடிக்கயிற்றில் வெள்ளைப் போர்வை, அதில் நீலப் பெயிண்டில் கொட்டை எழுத்து: 'நான் போகமாட்டேன்.' பக்கத்தில் இடுப்பில் கைவைத்தபடி சித்தி.

"இதை வெட்டு. இல்லன்னா அழி!"

"வெட்டினா மந்திரி தலையும் சேர்ந்து போயிடும். அழிச்சாலும் மத்த எல்லாப் பேப்பர்லயும் இருக்குமே சார். மந்திரி சிரிக்கிறார்ல? அப்புறம் என்ன?"

அவர் பேனாவை எடுத்தார். "கீழ நான் என்னம்மா எழுதுறது?" என்றார்.

"நீங்க சிரமப்படாதீங்க சார். சித்தியே எழுதிட்டாங்க."