அண்ணன் பெயரில் வேலை பார்த்தவர்

2020 ஜூன் 8, திங்கட்கிழமை. காலை நாலரைக்கு எழுந்து, எலுமிச்சை சாதம் கிளறி, என் பங்கை டப்பாவில் அடைத்துக்கொண்டேன். ஐந்து பத்துக்குப் பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். இரண்டு பேர் சீட்டில் ஒருவர்தான் உட்காரலாம் என்பதால் கண்டக்டர் பாதிப் பேரைக் கீழேயே நிறுத்திவிட்டார். ஆறு மணிக்குச் சிமெண்ட் ஆலையின் பின்பக்கக் கேட்டில் இறங்கி, டைம் ஆபீஸைத் திறந்து, மேசையைத் துடைத்து, வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்தேன். என் டைரியில் அந்த நாளுக்கு அதுவரை நான்கு வரிகள் இருக்கின்றன. ஐந்தாவது வரி: “7.25. மேஸ்திரி லிவரை எடுத்தார்.”

லாரி டயர் கழற்றும்போது ஜாக்கியைத் தூக்கப் பயன்படும் இரும்புத் தண்டு அது. ஒரு கை நீளம் இருக்கும். கேட்டுக்கு வெளியே நின்ற லாரியின் படியில் கிரீஸ் துணி சுற்றிக் கிடந்தது. அவர் துணியை உதறிவிட்டு எடுத்தார். அந்த உதறல்கூட எனக்கு நினைவிருக்கிறது.

மேஸ்திரி என்று நான் சொல்வது, மூட்டை ஏற்றும் இருபத்திரண்டு பேருக்குத் தலைவராக இருந்தவரை. நான் அந்த ஒப்பந்தக்காரரின் டைம் ஆபீஸில் பதினெட்டு வருடம் வருகை போட்டவள். எந்திரத்திலிருந்து சூடாக வந்து விழும் ஐம்பது கிலோ மூட்டையை லாரிக்குள் நின்று தோளில் வாங்கி அடுக்குவது அவர்கள் வேலை. வியர்வையோடு சிமெண்ட் சேர்ந்தால் தோல் வெந்துபோகும். ஷிப்டுக்கு முன் எல்லோரும் கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். அப்படித் தடவியும் மேஸ்திரியின் முன்கைகள் வேலிக்கருவை மரத்துப் பட்டை போலிருக்கும். அந்தக் கைகள் ஆளை அடித்து இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு டிரைவர் பின்னால் பார்க்காமல் லாரியை எடுத்து, ஒருவர் காலை மேடைச் சுவரோடு நசுக்கியபோது, அவனைக் கேபினிலிருந்து முடியைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டு, மூக்கில் ரத்தம் கொட்டும்வரை அறைந்தார். இன்னொரு முறை, குடித்துவிட்டு ஓடும் பெல்ட்டில் ஏறிய தன் ஆளையே எட்டி உதைத்தார். அவனுக்கு விலா எலும்பு விரிசல் விட்டது. இரண்டு முறையும் அடித்து முடித்தவுடன் என் ஜன்னலுக்கு வந்து நின்றார். “எழுதிக்குங்க மேடம். நான்தான் அடிச்சேன்.” யாரும் கேட்கும் முன்னே சொல்லிவிடுவார். அந்தக் குணத்தை நான் மதித்தேன். பயந்தும் இருந்தேன்.

மார்ச்சில் ஆலை நின்றது. வடக்கத்திப் பையன்கள் ரயில் கிடைத்தவுடன் ஊருக்குப் போனார்கள். உள்ளூர் ஆட்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி தினமும் காலை பத்து மணிக்குப் போன் செய்வார். “எப்ப கூப்புடுவாங்க மேடம்?” என்பார். “வயசானவனுக்கு அந்த நோய் வந்தா போயிடுவான்னு டிவில சொல்றான். வூட்டுல இப்படியே உக்காந்தா அது வர்றதுக்கு முன்னாடியே நான் போயிடுவேன்.” அவர் கூட்டத்தில் சர்க்கரை நோய் உள்ள ஒருவர், கூப்பிட்டாலும் வருவதில்லை என்று முடிவெடுத்து ஆடு மேய்க்கப் போய்விட்டார். அவரை மேஸ்திரி போனில் கேலி செய்தாராம், “ஆட்டுக்கு மாஸ்க் போட்டியாடா?” என்று. அதற்கு அவர், “எனக்கு இருக்குற மூச்சே போதும் மேஸ்திரி. நீ உன் மூச்சப் பாத்துக்க” என்றாராம். இதைச் சொல்லும்போது மேஸ்திரி சிரிக்கவில்லை. அன்று பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில், “எனக்கு மூட்ட தூக்குறதத் தவிர வேற ஒண்ணும் தெரியாது மேடம்” என்றார்.

ஜூன் முதல் வாரம் வாட்ஸ்அப்பில் உத்தரவு வந்தது. பதிவேட்டின்படி ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், அவர்கள் நலன் கருதி, வர வேண்டாம். இத்தோடு நின்றுகொள்ளலாம். மேஸ்திரிக்குப் பதிவேட்டில் ஐம்பத்தெட்டு.

சனிக்கிழமை அவர் ஜன்னலுக்கு வந்து தன் ஆதார் அட்டையை நீட்டினார். அதில் வேறு பெயர். வயது ஐம்பத்து மூன்று.

“பதிவேட்டுல இருக்குற பேரு எங்கண்ணனுது மேடம். முதுகு என்னுது.”

எனக்கு அது புதிய செய்தி அல்ல. சுண்ணாம்புக்கல் வெட்ட நிலம் எடுத்தபோது பட்டாவுக்கு ஒரு வேலை என்று கொடுத்தார்கள். பட்டா யார் பெயரிலோ அவருக்குத்தான் வேலை. மேஸ்திரி வீட்டில் அப்பா இல்லை. பட்டா அண்ணன் பெயரில். தூசு ஒத்துக்கொள்ளாது என்று அண்ணன் மிச்ச நிலத்தில் விவசாயத்தைப் பார்த்துக்கொண்டு, தன் பள்ளிச் சான்றிதழைத் தம்பி கையில் கொடுத்து அனுப்பினார். தம்பிக்கு அப்போது பதினாறு வயது. ஒப்பந்தக்காரர்கள் மாறினார்கள்; பட்டியல் மாறவில்லை. ஆதார் கேட்டபோதும் அண்ணன் அட்டையின் நகலே வந்தது. இப்படி அண்ணன் பெயரில், மாமன் பெயரில், செத்துப்போன பெரியப்பா பெயரில் அந்தக் கூட்டத்தில் அவரைத் தவிர ஏழு பேர் இருந்தார்கள். எனக்குத் தெரியும். நான் பதிவேட்டில் இருந்த பெயருக்கு நேரே வருகை போட்டேன்; தெரியாதது போல் இருந்தேன்.

யோசனை சொன்னதும் நான்தான். “திங்கக்கிழமை அண்ணனைக் கூட்டிட்டு வாங்க. வேல பார்த்தது தம்பிதான், வயசு இதுதான்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும். ஆள் பத்தாத நேரம், வயசத் திருத்திருவாங்க.” அவர் முகம் தெளிந்தது. “அண்ணன் எழுதிக் குடுத்துரும் மேடம். அதுக்கு என்ன போச்சு?” என்றார். அண்ணனுக்கு என்ன போகும் என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. பட்டாக்காரர் வயதாகி நின்றால் அந்த இடம் அவர் வாரிசுக்குப் போகும் என்பது அங்கே எழுதப்படாத வழக்கம். அண்ணனுக்கு ஒரு மகன் இருந்தான். திருப்பூரில் பனியன் கம்பெனி மூடியதால் வீடு திரும்பியிருந்தான்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குக் கேட்டுக்கு வெளியே அறுபது பேர் போல நின்றார்கள். ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிற்கத் தரையில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தது. “வட்டத்த விட்டு வெளிய வந்தா அவுட்டுடா” என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். திருச்சியிலிருந்து வந்திருந்த புது சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. யாருடைய முகமும் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாஸ்க் விடவில்லை. அவர் பட்டியலில் இருந்த பெயர்களை வாசித்தார். மேஸ்திரி வேலை பார்த்த அண்ணன் பெயர் வந்தபோது மேஸ்திரி கை தூக்கும் முன் அவர் அண்ணன் வட்டத்தை விட்டு முன்னால் வந்தார்.

“நான்தான் சார். முப்பத்தேழு வருசம் மூட்ட தூக்கிட்டேன். ஒடம்பு முடியல, நின்னுக்குறேன். எம் மவன எடுத்துக்குங்க.”

மேஸ்திரி முதலில் சிரித்தார். “என்னாண்ணே, வெளாடுறியா?”

அண்ணன் அவர் பக்கம் திரும்பவில்லை. “இவன் யாருன்னே எனக்குத் தெரியாது சார்.”

சூப்பர்வைசர் இருவரையும் மாஸ்க்கை இறக்கச் சொன்னார். ஆதார் நகலைப் பார்த்தார். படத்தில் இருந்தது அண்ணன். உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். இருவர் கையிலும் காய்ப்பு. பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார், “சொல்லுங்கய்யா, வேலை பார்த்தது யாரு?”

அந்த ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒன்றைச் சொன்னால் அடுத்த கேள்வி தங்களுக்கு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் அந்த ஏழு பேருக்காக வாய் மூடினார்கள்.

“மார்ச்சு வரைக்கும் மேஸ்திரி மேஸ்திரின்னு வாய் வலிக்கக் கூப்ட்டீங்களேடா!” என்று மேஸ்திரி கத்தினார். “டேய், உங் காலு நசுங்குனப்ப யாருடா தூக்குனது? சொல்றா!” கால் நசுங்கியவர் வட்டத்துக்குள் இன்னும் ஒடுங்கி நின்றார்.

சூப்பர்வைசர், கேட்டுக்கு வெளியே திறக்கும் என் ஜன்னலுக்கு வந்தார். “மேடம், பதினெட்டு வருஷமா நீங்கதானே வருகை போடுறீங்க. யாரு இதுல?”

எனக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. கணவரின் டியூஷன் சென்டர் பூட்டிக் கிடந்தது. டைம் ஆபீஸில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் போதும் என்று அந்த சூப்பர்வைசரே முந்தைய வாரம் சொல்லியிருந்தார். வேறு பெயரில் வந்தவருக்குத் தெரிந்தே வருகை போட்டேன் என்று சொன்னால் போவது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இவ்வளவையும் யோசிக்க மூன்று விநாடிகூட ஆகவில்லை.

“ஆதார்படி அவர்தான் சார்” என்று அண்ணனைக் காட்டினேன்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுத முயன்று பலமுறை அடித்திருக்கிறேன். பிறகு லாரிப் பக்கம் நடந்தார்.

முதல் அடி அண்ணனின் தோளில் விழுந்தது. இரண்டாவது, விலாவில். மூன்றாவதைத் தடுக்க அண்ணன் வலது கையைத் தூக்கினார். காய்ந்த மக்காச்சோளத் தட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. முன்கை நடுவில் மடங்கித் தொங்கியது. வெள்ளைச் சட்டையில் ரத்தம் பரவியது. கடைவாய்ப் பல் ஒன்று சுண்ணாம்புக் கோட்டின் மேல் விழுந்ததைப் பார்த்தேன். அது எந்த அடியில் போனது என்று தெரியவில்லை. அறுபது பேர் இருந்தும் ஒருவரும் வட்டத்தை விட்டு வரவில்லை. மூன்று மாதமாக ஒருவரை ஒருவர் தொடாதே என்று சொல்லி வைத்திருந்தார்கள். செக்யூரிட்டி பின்னால் நகர்ந்து கேட்டை இழுத்துச் சாத்தினார்.

கீழே கிடந்த அண்ணன் அலறினார். “தம்பி! டேய் தம்பி, வேணாம்டா, கையி போச்சுடா!”

“இப்ப தெரியுதா? நான் யாருன்னு இப்ப தெரியுதா?” என்று கேட்டு நான்காவது அடியை முழங்காலில் இறக்கினார். அதோடு லிவரைத் தூரப் போட்டார்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, “தம்பியா?” என்றார். “யாரா இருந்தா என்ன? இனிமே இந்த ஆளு கேட்டுப் பக்கமே வரக்கூடாது” என்று அவரே முடித்தார். உண்மை வெளியே வந்த அதே நேரத்தில் அதனால் யாருக்கும் பயனில்லாமல் போனது.

மேஸ்திரி ஜன்னலுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. “எழுதிக்குங்க மேடம். நான்தான் அடிச்சேன். எந்தப் பேர்ல எழுதுவீங்களோ எழுதிக்குங்க.”

ஆம்புலன்ஸ் எல்லாம் நோயாளிகளை ஏற்றப் போயிருந்தது. கடைசியில் மேஸ்திரியே திரும்பிப் போய் அண்ணனைத் தோளில் தூக்கி அதே லாரியில் ஏற்றினார். அண்ணன் நல்ல கையால் அவர் முதுகில் குத்திக்கொண்டே போனார். “எறக்குடா நாயே, எறக்குடா” என்றார். இவர் இறக்கவில்லை. அரியலூர் ஆஸ்பத்திரியில், லாரிக் கதவு மேலே விழுந்துவிட்டது என்று அண்ணனே சொல்லிவிட்டார். தம்பி அடித்தான் என்றால் எதற்கு அடித்தான் என்று கேட்பார்கள். மகன் வேலை போகும். மதியம் சூப்பர்வைசர் என்னிடம் வந்து, “ஆதார்தான் முக்கியம்னு கரெக்டா சொன்னீங்க மேடம். உங்கள மாதிரி ஆளுங்கதான் இங்க வேணும்” என்றார். எலுமிச்சை சாதத்தை அப்படியே திரும்ப எடுத்துப் போனேன்.

இப்போது சிறுவாச்சூரில் அம்மன் கோயிலருகே ஒரு பூசைச் சாமான் கடையில் உட்காருகிறேன். கோயில் நடை திறக்கும் திங்களும் வெள்ளியும் கூட்டம். மற்ற நாட்களில் எழுத நேரம் கிடைக்கிறது. என் ஆலை வேலை அதே ஜூன் மாதம் போனது. மேஸ்திரிக்கும் வேலை திரும்பவில்லை. செந்துறைப் பக்கம் மக்காச்சோள மூட்டை ஏற்றுகிறார். அண்ணன் மகன் கேட்டுக்கு உள்ளே இருக்கிறான். அண்ணனின் கை கோணலாகத்தான் கூடியது. ஒருநாள் கோயிலுக்கு வந்த மேஸ்திரி கடை முன் நின்றார். முடி முழுக்க நரைத்திருந்தது. சூடம் வாங்கிக்கொண்டு, “நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அண்ணன் கையி ஒடஞ்சிருக்காது மேடம்” என்றார். தன் வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோபமாகவும் சொல்லவில்லை. தன் பங்கை அவர் அன்றே ஜன்னலில் சொல்லி முடித்துவிட்டார். என் பங்கு எது என்று காட்டினார். டைரியில் அந்தப் பக்கத்தில் நான்கு அடிகளையும் வரிசைப்படி எழுதியிருக்கிறேன். அவற்றுக்கு முன்னால் விழுந்ததை எழுதவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்: அது நான் காட்டிய விரல்.

ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. ஆறு மணிக்கு டைம் ஆபீஸைத் திறந்தேன். மேசையைத் துடைக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பதினெட்டு வருடமாக மூட்டை தூக்கியவர் தம்பிதான், அண்ணனை நான் அங்கே ஒரு நாளும் பார்த்ததில்லை, இது தெரிந்தேதான் வருகை போட்டேன் என்று எழுதினேன். கீழே என் முழுப் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். முந்தின நாள் தேதியைப் போடலாமா என்று பேனாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைய தேதியைப் போட்டு, சூப்பர்வைசர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.