அலுங்காத வண்டி

காந்தா பொன்னேரிக்குப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. முதுகெலும்பில் ஆபரேஷன் முடிந்து அவளைத் தங்கை ஜமுனா வீட்டில் விட்டபோது டாக்டர் சொன்னது ஒன்றுதான்: உடம்பு குலுங்கக் கூடாது. அங்கிருந்து வீட்டுக்கு, பழவேற்காட்டு ரோட்டில் குலுங்காமல் வர வேண்டுமானால் பறந்துதான் வர வேண்டும். ஒரு முறை ஷேர் ஆட்டோவில் ஏறிப் பார்த்தாள். பாதி வழிகூட வரவில்லை, வலி தாங்காமல் இறங்கித் திரும்பிவிட்டாள்.

அவள் புருஷன் தாமோதரன் கரையோரத்தில் தகரக் கொட்டகை போட்டு ஃபைபர் போட்டுகளைப் பழுது பார்ப்பவன். ஐம்பத்திரண்டு வயது. பிள்ளைகள் இல்லை. காலையில் ஒரு தரம் சோறு வடித்து அதையே இரண்டு வேளைக்கும் வைத்துக்கொள்வான். பேச்சுச் சத்தம் வேண்டுமென்று டிவியைப் போடுவான். கொஞ்ச நேரத்தில் அதுவே எரிச்சலாகி அணைத்துவிடுவான். அப்படி அணைத்த ஒரு நாளில்தான், அவளை அலுங்காமல் கொண்டுவர ஒரு வண்டியைத் தானே செய்வதென்று முடிவெடுத்தான்.

காந்தாவால் காலைத் தூக்கி வைத்து ஏற முடியாது. ஆகவே சீட் தரையை ஒட்டி இருக்க வேண்டும். சீட் தாழ்ந்தால் அடியில் ஷாக் அப்சார்பருக்கு இடமில்லை. அதனால் ஸ்பிரிங்கைச் சக்கரத்துக்குள்ளேயே வைத்தான். ஆரக்கம்பிகளை எடுத்துவிட்டு, நடு உருளைக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே பழைய மொபெட் ஸ்பிரிங்குகள் மும்மூன்று. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. முன்சீட் அவனுக்கு, பின்சீட் அவளுக்கு. மோட்டாரும் பேட்டரியும் உடைந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் இருந்து வந்தன.

மேல்கூட்டை ஃபைபரில் வார்ப்பது அவனுக்குக் கைவந்த வேலை. போட்டைப் போலவே முன்னால் கூர்முனை வைத்தான், பின்னால் நேராக வெட்டி மூடினான். சோதனைக்காகத் தனியே ஓட்டிப் பார்த்தான். பொன்னேரிக்குப் போகும்போது கடற்காற்று முதுகில் தள்ளியது, சுகமாகப் போனான். திரும்பும்போது அதே காற்று எதிரே நின்றது. வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் பேட்டரி தீர்ந்தது. தள்ளிக்கொண்டே வந்தான். காந்தா வரப்போவதும் இந்த எதிர்காற்றில்தான்.

காற்று எங்கே பிடிக்கிறதென்று பார்க்க, வலை நூலைச் சாண் சாணாக வெட்டிக் கூடு முழுக்க ஒட்டினான். பழைய சிநேகிதன் சடையனை பைக்கில் பக்கத்திலேயே வரச் சொன்னான்.

“மச்சான், மூக்குல இருக்கற நூலெல்லாம் தலவாரி வுட்ட மாதிரி படிஞ்சி கெடக்குது. பின்னாடிதான் பேய் புடிச்சி ஆடுது” என்றான் சடையன்.

“பின்னாடியா? அங்க இன்னாடா வேல காத்துக்கு?”

“என்ன ஏன் கேக்கற? உன் நூலக் கேளு.”

தாமோதரன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி, வெட்டி மூடிய பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். முப்பது வருஷமாகக் கூர்முனையை முன்னால் வைத்தே பழகிய கை. காற்றோ முன்னால் கூர் கேட்கவில்லை, பின்னால் கேட்டது. மூன்று வாரம் செலவழித்துக் கூட்டைக் கழற்றி, நேராக வெட்டிய பக்கத்தை உருட்டி வார்த்து, திருப்பி மாட்டினான். இப்போது உருண்டை முன்னால், கூர் பின்னால்.

“இன்னா தாமு, வண்டி பின்னாடியே போவுது?” என்றாள் தெருமுனையில் மீன் விற்கும் காசியம்மாள்.

“நேராத்தான்கா போவுது.”

“அப்ப நீதான் திரும்பி ஒக்காந்துக்கினியா?”

ஞாயிற்றுக்கிழமை காந்தாவை அழைத்து வந்தான். வழியெல்லாம் “வலிக்குதா, வலிக்குதா” என்று கேட்டுக்கொண்டே வந்தான். “பேசாம ரோட்டப் பாத்து ஓட்டுய்யா” என்றாள். வீட்டு வாசலில் நிற்கும்போது பேட்டரியில் கால்வாசி மிச்சம் இருந்தது. வண்டியைச் சார்ஜில் போட்டான். அவள் அடுப்பு மேடையைத் துடைத்தாள், அவன் வாங்கி வைத்திருந்த இறாலைத் தொக்கு வைத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியருகே போய் நின்றாள்.

“கொண்டுபோய் வுட்டுடு.”

“இன்னாது? உன்ன இங்கயே கூட்டியாரத்தான வண்டி பண்ணேன்.”

“வந்தேனே. சொம்மா சொல்லல, வலியே இல்ல. ஆனா நாளைக்கி பதினாறு ஜாக்கெட்டு குடுக்கணும். ஜமுனா தச்சிடுவா, கொக்கி கட்டறது நான்தான்.”

“அவ வேற ஆளு பாத்துப்பா.”

“பாத்துப்பா. இங்க நான் இன்னா பண்ணுவேன், சொல்லு? விடிஞ்சா நீ கொட்டாயிக்குப் போயிடுவ. நான் செவுத்தப் பாத்துக்கினு கெடக்கணும். அங்க பேசறதுக்கு நாலு பேரு வராங்க.”

எட்டு மாதமாக அதே சுவரைத்தான் அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். “அப்ப நானு?” என்று மட்டும் கேட்டான்.

“நீயும் வந்துடு.”

“பொன்னேரியில போட்டா ஓடுது?”

காந்தா சிரித்துவிட்டாள். “வாராவாரம் வந்து கூட்டிக்கினு வா. அதான் வண்டி இருக்குதே.”

அவளை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினான். எதிர்காற்று கூட்டின் மேல் வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் போயிற்று. பின்சக்கரம்தான் குழிக்குக் குழி உதைத்தது. அதன் ஸ்பிரிங்குகளைக் காந்தாவின் எடைக்கென்று இறுக்கியிருந்தான். சீட் காலியாக இருந்தால் உதைக்கத்தான் செய்யும். காலையில் போகும்போதும் உதைத்திருக்கும். அவன் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை கொட்டகையில் வைத்து, தான் ஒருவனே போவதற்கு ஏற்றபடி அந்த ஸ்பிரிங்குகளின் மூன்று நட்டுகளையும் இளக்கினான். சனிக்கிழமை சாயங்காலம் ஸ்பானரோடு குந்தி உட்கார்ந்து, மூன்றையும் மறுபடி இறுக்கினான்.