கிளாரினெட்டுக்குக் கட்டிய கயிறு

நேற்று குதிகால் வெடிப்புக்காக வாஸ்லின் டப்பாவைத் திறந்தபோது, அந்த வாசனை காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த பேண்டு செட் கொட்டகைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அங்கே பைக் ஷோரூம் நிற்கிறது. அன்று பித்தளை பாலீஷும், காயப்போட்ட சீருடைகளின் வியர்வையும், கிளாரினெட் மூட்டுகளின் தக்கையில் தடவும் வாஸ்லினும் கலந்து மணக்கும்; பக்கத்து வீடுகளின் தறிச்சத்தம் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

எட்டாவதோடு நின்று வீட்டில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, கிளாரினெட் ஊதும் பாயின் மகள் ஷமீம்தான், அவர் இல்லாத நேரத்தில், அதைப் பிடிக்கக் காட்டித்தந்தாள். இடது கை மேலே, வலது கை கீழே, முழு எடையும் வலது கட்டைவிரலில். நூலைத் தொடுகிற மாதிரியே நான் தொட்டதால் அது வழுக்கியது.

“பட்டா இது, அறுந்துபோவ? நல்லா புடிடி!”

பாயிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். விழுந்து உடைந்தால் கல்யாண ஊர்வலத்தில் அவர் எதை ஊதுவார் என்ற பயத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை. மறுநாள் கழிவுப் பட்டுநூலை முறுக்கிக் கயிறாக்கி, கிளாரினெட்டில் கட்டி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

“என்னாடி, ஆட்டுக்குட்டிக்குக் கவுறு கட்டிக்கினு வந்துட்டியா?” என்று ஷமீம் சிரித்து முடிப்பதற்குள் பாய் வந்துவிட்டார். நான் அவசரமாகக் கயிற்றை அவிழ்க்கப் போனேன். அவர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். காய்ப்பேறிய தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

“அவுக்காதம்மா, இருக்கட்டும்” என்றார்.

அன்று சாயங்கால ஊர்வலத்தில், சிவப்புச் சீருடைமேல் என் அரக்குநிறக் கயிறு தொங்க, பாய் ஊதிக்கொண்டு போனார். அறுந்துவிடுமோ என்று நான் மண்டபம்வரை கூடவே நடந்தேன்.