இடம் அழுத்தினால் வலம்

தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்த என்னை, கொம்பியூட்டர் பாடத்துக்கு ஆள் இல்லை என்று சொல்லிப் பள்ளிக்கூட அதிபர் பிடித்துப் போட்டார். "சமாளியுங்கோ ரீச்சர்" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஆனாலும் சமாளித்தேன். நாளைக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியதை இன்றைக்கு வீட்டில் இருந்து நான் படிப்பேன்.

அந்தக் கிழமைப் பாடம், விசைப்பலகையால் திரையில் ஒரு பொருளை நகர்த்துவது. கேட்க லேசு. பொருள் குறுக்காக எங்கே நிற்கிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. வலது அம்புக்குறியை அழுத்தினால் அந்த எண்ணோடு ஐந்தைக் கூட்டு, இடதை அழுத்தினால் ஐந்தைக் கழி. இவ்வளவுதான். இதற்கு எனக்குச் சனி ஞாயிறு முழுக்கப் போனது. முதலில் என் பெட்டி அசையவே இல்லை. பிறகு அசைந்தது, அசைந்து திரையை விட்டே போய்விட்டது. "எங்க போய்த் துலைஞ்சாய்" என்று அதோடு சண்டை பிடித்தேன்.

பிறகு பெட்டியைப் படகாக்கினேன். மேலேயிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி, கூர் மேல்பக்கம். மேல் அம்புக்குறியை அழுத்தினால் முன்னுக்கு ஓடும்படியும் செய்தேன். வலைக்கு அடையாளமாக விடுகிற மிதப்பு என்று ஒரு சிவப்பு வட்டமும் வைத்தேன். பிள்ளைகளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது என் மனிசனுக்காக.

அவர் கடலுக்குப் போகிறவர். பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போய்க் கொஞ்சக் காலம். ஒரு சொல் இரண்டு சொல் வரும், அதுவும் கொழகொழவென்று. கை கால் போனால் போகட்டும், நான் பார்த்துக்கொள்வேன். என் பயம் வேறு. கிளினிக்கில் டொக்டர் "இடது கையைத் தூக்குங்கோ" என்றபோது, இவர் சன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கூட வந்த மச்சாள், அவருடைய அக்கா, வெளியே வந்ததும் என் காதுக்குள் சொன்னார். "தம்பிக்கு ஒண்டும் விளங்கேல்லைப் போல கிடக்கு. ஆள் ஆளாயில்லை."

அன்றைக்கு நான் மச்சாளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் அந்தக் கதை எனக்குள் ஏறி இருந்துவிட்டது.

லப்டொப்பை அவர் முன்னால் வைத்தேன். "இஞ்ச பாருங்கோப்பா. இது போட். அது மிதப்பு. இந்த விசையளாலதான் ஓடவேணும். மிதப்பிட்டப் போங்கோ பாப்பம்." எது எந்தப் பக்கம் என்று வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. விசையில் அம்புக்குறி போட்டிருக்கிறது. அதுவும் விளங்காவிட்டால் மச்சாள் சொன்னது சரி.

மிதப்பு இடப்பக்கம் நின்றது. அவர் நல்ல கையை மெல்ல நீட்டி வலது அம்புக்குறியை அழுத்தினார். மிதப்பை வலப்பக்கம் மாற்றி வைத்தேன். இடதை அழுத்தினார். திரும்பத் திரும்ப அப்படியே. தப்பித் தவறியாவது ஒருதரம் சரியாக வரக்கூடாதா? "அங்கயில்லையப்பா, இஞ்சால" என்றேன். அவர் இன்னும் அழுத்தமாக அதே பிழையான விசையைக் குத்தினார். குசினிக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. விழுந்துவிட்டாரோ என்று ஓடினேன். விழவில்லை. கோபத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் "எஞ்சின்... எஞ்சின்" என்றார். கதிரையில் ஒருபக்கம் சரிந்து, இடது கையைப் பின்னால் விட்டு, இல்லாத ஒன்றைப் பொத்திப் பிடித்தார். அந்தக் கையை வலப்பக்கம் தள்ளிவிட்டு, முகத்தைத் திருப்பி நாடியால் இடப்பக்கத்தைக் காட்டினார். பிறகு கையை இடப்பக்கம் இழுத்து, நாடியால் வலப்பக்கம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படகின் பின்னால் இருக்கிற எஞ்சின் கைபிடியை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ, படகு அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். கலியாணம் முடித்த நாள் தொட்டு அவருடைய படகில் ஏறி இறங்கினவள் நான். மண்டைக்குள் களிமண்ணா எனக்கு? போட் என்று சொல்லிக் கொடுத்தேன், மனிசன் போட்டாகத்தான் ஓட்டியிருக்கிறார்.

கூட்டலைக் கழித்தலாக்கினேன், கழித்தலைக் கூட்டலாக்கினேன். "இப்ப ஓடுங்கோ."

ஓடினார். மிதப்புக்கு நேரே போய் மோதவில்லை. அகல வளைத்து வந்து, பக்கத்தில் அணைத்து நிறுத்தினார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

நான் நிலத்தில் குந்தி அவர் மடியில் முகத்தை வைத்து ஓவென்று அழுதேன். "ஏன்?" என்றார்.

"நீங்கள் இல்லாமப் போயிட்டீங்களெண்டு நினைச்சிட்டன்."

அவர் இடது கையை விசைப்பலகையிலிருந்து எடுத்து என் தலையில் வைத்தார். சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார்.

"நான்... இஞ்சதானே... இருக்கிறன்."