ராமையா அண்ணனின் குறட்டையும் நான் சொல்லாத சாட்சியும்

கடையைத் திறந்து தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ராமையா அண்ணனின் மகள் போனில் அழைத்தாள்.

"சித்தப்பா, அப்பா எந்திரிக்கலைங்க. தேத்தண்ணி கொண்டு போனேன்... உடம்பு சில்லுன்னு இருக்குங்க."

புளத்கொகுபிட்டிய ஊரில் என் மிளகுக் கடையை அறிந்தவர்கள் அவரையும் அறிவார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பிடி மிளகைக் கையில் குலுக்கி, சத்தத்தை வைத்தே ஈரம் சொல்லிவிடுவார். பதினெட்டு வருடம் என் கடையில் மிளகு தரம் பார்த்தவர்; அந்தப் பேச்சுக்கு நான் மறுபேச்சுப் பேசியதில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பின் மிளகுச் சாக்குகள்மேல் சாய்வார். குறட்டை தெருவுக்குக் கேட்கும். திடீரென நின்றுபோகும். "லொறி நின்னுருச்சு!" என்பேன். கடையே சிரிக்கும். பிறகு ஒரு திணறலோடு மறுபடி கிளம்பும். நிம்மதியாகத் தூங்குகிற மனிதர் என்றே நினைத்தோம்.

மூன்று வகை மாத்திரை விழுங்கியும் அவருக்குப் பிரஷர் இறங்கவில்லை. கிளினிக்கில் டாக்டரம்மா கழுத்தை டேப்பால் அளந்தாராம். குறட்டை உண்டா, பகலில் தூக்கம் தள்ளுகிறதா, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாரும் பார்த்ததுண்டா என்று கேட்டாராம். மனைவி இறந்தபின் தனியாகப் படுப்பவர் என்ன சொல்வார்? பார்த்தவரைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"தம்பி, ஒருக்கா வந்து சொல்லுங்க. என் தூக்கத்த நானே பாக்க முடியுமா?"

"மிளகு சீசன்ல கடைய பூட்டிட்டு உங்க கொறட்டைக்குச் சாட்சி சொல்லவா அண்ணே? சீசன் முடியட்டும்."

"சரி, கொறட்டை எங்க ஓடிறப் போகுது" என்று அவரும் சிரித்தார்.

சீசன் இன்னும் முடியவில்லை.

தூக்கத்தில் மூச்சு நின்றதுதான் சாவுக்குக் காரணமா என்று டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். "உறுதியாச் சொல்ல ஏலாது. நீங்க வந்திருந்தா தூக்கத்தைச் சோதிக்க அனுப்பியிருப்பேன்" என்றார்.

எனக்கும் பிரஷர் உண்டு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன். அவள் தயங்கினாள். "நீங்களும் தூக்கத்துல மூச்ச நிப்பாட்டுறீங்க. நான் தோள தட்டுவேன், மறுபடி இழுப்பீங்க. சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லல."

அன்றிலிருந்து பகலில்கூடக் கண்ணை மூடப் பயப்படுகிறேன். என்னைத் தட்ட ஒரு கை இருந்தது. அண்ணனுக்கு இல்லை.

அடுத்த கிளினிக் நாளில் கடையைப் பூட்டிவிட்டு மனைவியோடு போகிறேன். பிரஷர் மாத்திரை எடுப்பவர்களே, குறட்டையும் விட்டால் பக்கத்தில் படுப்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாக்குகள்மேல் அவர் சாய்ந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. நேற்றுப் பகல் கடை அமைதியாக இருந்தது. மறுபடி கிளம்பும் என்பதுபோல எல்லோரும் காது கொடுத்து நின்றோம்.

போய் வாருங்கள், அண்ணே.