மிஸ்றியா கேட்காமல் விட்ட கேள்வி

செய்தி வந்தபோது நான் மன்னாரில், அம்மாவின் வீட்டில், விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எங்கள் துறையின் எழுதுவினைஞர் தொலைபேசியில் அழைத்தார். "மிஸ், மிஸ்றியா மிஸ் மௌத்தாகிட்டா. அஸர் தொழுகைக்கு முன்னம் அடக்கமாம்." எந்த பஸ்ஸைப் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தும் பையை எடுத்து உடுப்பு அடுக்கினேன். பிறகு அதை அப்படியே போட்டுவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்று பாக்கி இருந்தது. அழுகைக்கு முன்னர் எனக்கு அந்தப் பயம்தான் வந்தது.

உளவியல் பேராசிரியர் மிஸ்றியாவை உங்களில் பலர் மேடைகளில் கேட்டிருப்பீர்கள். பதினாறு வருடம் அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. மன்னாரின் முசலிக் கரையில் பிறந்தவர். ஆயுதம் வைத்திருந்தவர்கள் முஸ்லிம் குடும்பங்களை வெளியேறச் சொன்னபோது, சிறு பிள்ளையாகப் புத்தளத்துக்குப் போனவர். எந்த ஊர் என்று கேட்டால் "முசலி" என்பார். இப்போது எங்கே என்றால், "அதத்தான் நானும் தேடுறன்" என்று சிரிப்பார். கேட்டவருக்குச் சிரிப்பு வராது.

தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒருவரை ஒருவர் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன காலத்தில், வியாழக்கிழமைப் பின்னேரங்களில் அவர்களை வட்டமாக இருத்திப் பேச வைத்தார். சட்டம் ஒன்றுதான். முன்னர் பேசியவர் சொன்னதை அடுத்தவர் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் "ஓம், அதுதான்" என்று தலையாட்டிய பிறகே தன் கதையைத் தொடங்கலாம். "மற்ற ஆக்கள்ட நோவ முழுசாச் சொல்ல ஏலாட்டி, நீங்க கேக்கேல்ல எண்டுதான் அர்த்தம்" என்பார். வாய் கிழியப் பேசும் விரிவுரையாளர்கள் பலர் முதல் வாரத்திலேயே மெல்லக் கழன்றுவிட்டார்கள்.

நான் கழலவில்லை. கழன்றிருந்தால் நல்லது என்று பிறகு நினைத்ததுண்டு. ஒரு வியாழன் மன்னார் உப்புக்குளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பத்து மாணவி ஒருத்தி பேசினாள். "போகேக்க உம்மா தையல் மெசினப் பக்கத்து வீட்டுல குடுத்திட்டுப் போனவ. திரும்பி வந்து கேட்டா, அப்பிடி ஒண்டும் தரேல்ல எண்டிட்டாங்க." அடுத்த முறை என்னுடையது. "இடம்பெயர்ந்தபோது உங்கட சாமான் தொலைஞ்சு போச்சு" என்றேன். அவள் தலையாட்டவில்லை.

"பக்கத்து வீட்டையும் சேத்துச் சொல்லுங்க, ஜெசிந்தா" என்றார் மிஸ்றியா.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன, என்னை விசாரிக்கிறீங்களோ?" என்று மாணவர்கள் முன்னால் கத்திவிட்டு வெளியே போனேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

மறுநாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பக்கத்து வீட்டு ஜெமீலா மாமி ஊரைவிட்டுப் புத்தளத்துக்குப் போகும்போது தன் தேக்கு அலுமாரியை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். சண்டை முடிந்து ஒருநாள் படலையில் வந்து நின்று கேட்டார். "அது சண்டையில செல் விழுந்து நொறுங்கிட்டுது" என்று அம்மா அங்கேயே நிறுத்திச் சொல்லி அனுப்பிவிட்டார். அலுமாரி எங்கள் உள்ளறையில்தான் நின்றது. நான் முன்கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்போது நான் சின்னப் பிள்ளை இல்லை. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன்.

மிஸ்றியா கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். "எனக்குச் சொல்லி என்ன? மாமி புத்தளத்துலதானே இருக்கிறா" என்றார். "வாற மாதம் போறன்" என்றேன்.

அந்த வாற மாதம் நான்கு வருடமாகியும் வரவில்லை. அம்மா உயிரோடு இருக்கும்வரை அம்மாவைச் சாட்டினேன். அம்மாவின் செத்தவீட்டுக்கு வந்த மிஸ்றியா விறாந்தையிலேயே இருந்துவிட்டுப் போனார். அலுமாரியைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. திங்கட்கிழமைகளில் மட்டும், "ஊருக்குப் போனீங்களா?" என்பார். "ஓம்" என்பேன். அதற்கு மேல் ஏதும் வருமா என்று கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார். இப்போது அந்த மேசையில் யாரும் இல்லை. ஆனாலும் திங்கட்கிழமைகளில் அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் துணிவு வருவதில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் புத்தளத்துக்குப் போனேன். ஜெமீலா மாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். இருக்கச் சொல்வதற்கு முன்னரே சொல்லிவிட்டேன். "மாமி, அலுமாரி எங்களிட்டத்தான் இருக்கு. அண்டைக்கு அம்மா சொன்னது பொய். நான் உள்ளுக்க நிண்டு கேட்டனான்."

"தெரியும் மகள்" என்றார் மாமி. "முன்கதவு இடுக்கால உங்கட சீலக் கரையக் கண்டனான். அலுமாரி கிடக்கட்டும். நீங்க வெளிய வருவீங்க எண்டு அந்த வெயிலுக்க எவ்வளவு நேரம் நிண்டனான் தெரியுமா?"

நான் மாமியின் காலடியில் இருந்து அழுதேன். அவர் என் தலையைத் தடவவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

மிஸ்றியாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தத் திங்கட்கிழமைப் பார்வை ஒன்றைத்தான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் என்னை மன்னித்ததாக அவர் ஒருநாளும் சொல்லவில்லை.