தீர்த்தம் தெளிக்காத ஜீப்

அப்பா ஒரு பழைய ராணுவ ஜீப் வாங்கப்போகிறார் என்று அம்மாவுக்குத் தெரியவந்தபோது அவர் அதை வாங்கியே முடித்திருந்தார். எங்கள் வீட்டில் பெரிய முடிவுகளெல்லாம் அப்படித்தான் நடக்கும். அப்பா செய்துவிட்டுச் சொல்வார், அம்மா கேட்டுவிட்டுக் கத்துவார், பிறகு இருவரும் சேர்ந்து சமாளிப்பார்கள். நாங்கள் பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இருந்தோம். அம்மா கேட்ட முதல் கேள்வியே, "எங்க நிறுத்துவீங்க, ஹால்லயா?" என்பதுதான்.

அப்பாவுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன் வேலை. நாள் முழுக்கக் கண்ணுக்கே தெரியாத சாமான்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தட்டினால் டங்கென்று சத்தம் வருகிற மாதிரி ஒரு பொருள் தேவைப்பட்டிருக்கிறது. ராணுவம் கழித்துப்போட்ட வண்டிகளை ஏலத்தில் எடுத்து விற்கிற ஒரு வியாபாரி நாட்டின் தெற்குக் கோடியான ஜொகூரில், குளுவாங் பக்கம் இருந்தார். பொதுமக்கள் ராணுவப் பச்சையில் வண்டி ஓட்டக்கூடாது என்பதால் அந்த ஜீப்புக்கு அவர் அவசர அவசரமாக வெள்ளைச் சாயம் அடித்து, புது நம்பரும் எடுத்துக் கொடுத்துவிட்டார். கதவுப் பிடியின் அடியில் விரலால் தேய்த்தால் பச்சை எட்டிப்பார்க்கும்.

அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயிலில் ஃபாதர் மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும்வரை பிள்ளைகள் அந்த வண்டியில் காலை வைக்கக்கூடாது. எங்கள் சொந்தத்தில் யார் வண்டி வாங்கினாலும் இதுதான் வழக்கம், என் சைக்கிளுக்குக்கூட நடந்தது. குளுவாங்கிலும் கோயில் இருக்கிறதே என்று அப்பா கேட்டுப் பார்த்தார். "அந்த ஃபாதருக்கு நம்மள யாருன்னே தெரியாது" என்று அம்மா சொல்லிவிட்டார்.

ஆக, பள்ளி விடுமுறையில் நாங்கள் நால்வரும் அம்மாவின் சின்னக் காடியில், அதாவது காரில், குளுவாங் போய், திரும்பும்போது இரண்டு வண்டியாக வருவது என்று ஏற்பாடு. அம்மா முன்னால் காடியில், என்னையும் மூன்று வயதுத் தம்பியையும் ஏற்றிக்கொண்டு. அப்பா பின்னால் ஜீப்பில், தனியாக. ஜீப்பில் வேகம் காட்டும் முள் செத்துப்போயிருந்தது, ஹார்னும் வேலை செய்யவில்லை. அதனால் அம்மா அறுபதிலேயே போக வேண்டும், அப்பா அதே வேகத்தில் தொடர்ந்து வர வேண்டும். அந்த வேகத்தில் நெடுஞ்சாலையில் போனால் அடித்துத் தள்ளிவிடுவார்கள் என்று பழைய சாலையிலேயே போவதாக முடிவானது. "ஹார்ன் இல்லாட்டி என்னா, முன்னால நீங்க இருக்கீங்கல்ல" என்றார் அப்பா.

எனக்கு ஒன்பது வயது. எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். பின் இருக்கையில் பின்பக்கமாகத் திரும்பி மண்டியிட்டு, கண்ணாடி வழியாக அப்பா வருகிறாரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் அப்படி நின்றால் அம்மாவின் கண்ணாடியில் என் முதுகைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதனால் அம்மாவுக்கு இனி நான்தான் கண் என்று அப்பா சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் தம்பி இருக்கை முழுவதையும் எடுத்துக்கொண்டு தூங்கினான். அவன் பிறந்ததிலிருந்தே காடியில் ஏறினால் தூங்குகிறவன்.

முதல் நாள் முழுக்க அப்பாவும் நானும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரு வார்த்தை பேச முடியாது. நான் நாக்கை நீட்டினால் அவரும் நீட்டுவார். நான் ராணுவ சல்யூட் அடித்தால் அவரும் விறைப்பாக ஒன்று அடிப்பார். கண்ணை உருட்டுவார், வாயை ஆவென்று திறந்து பயந்த மாதிரி நடிப்பார், ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு நீச்சல் அடிப்பார். அம்மா ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "அப்பா வர்றாரா பாப்பா?" என்பார். "வர்றாரு" என்பேன்.

யோங் பெங் தாண்டி ஒரு பஸ் நடுவில் புகுந்தது. "அம்மா, அப்பாவக் காணோம்" என்று நான் போட்ட சத்தத்தில் அம்மா புல்லில் இறக்கி நிறுத்திவிட்டார். அடுத்த நிமிடமே ஜீப் வந்து பின்னால் நின்றது. அப்பா இறங்கி வந்து, "என்னா லா?" என்றார். இன்னொரு இடத்தில் ஒரு லாரி மறைத்தது. மறுபடியும் கத்தினேன், மறுபடியும் நின்றோம், அப்பா மறுபடியும் இறங்கி வந்தார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சும்மா சும்மா கத்தாத. நெசமா ஏதாச்சும் இருந்தா மட்டும் வாயத் தொற" என்றார். எனக்கு உர்ரென்று ஆகிவிட்டது. இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

அன்று ஈப்போவில் சின்னம்மா வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்பினோம். மதியத்துக்குள் புக்கிட் மெர்தாஜாம், தீர்த்தம், அப்புறம் பாலம் ஏறி வீடு. பாடாங் ரெங்காஸில் தேத்தண்ணீர் குடிக்க நின்றபோது அப்பா ஜீப்புக்குள் உட்கார்ந்து காலால் எதையோ நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தார். பிறகு இறங்கிக் குனிந்து சக்கரத்துக்கு உள்பக்கம் எட்டிப் பார்த்தார். "என்னவாம்?" என்று அம்மா கேட்டார். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா. நேற்றிலிருந்தே அந்த ஜீப்பைப் பற்றி அம்மா எதைக் கேட்டாலும் அவரிடமிருந்து இதே பதில்தான்.

அதற்கப்புறம் புக்கிட் பெராப்பிட் ஏற்றம். ஏறும்போது ஜீப் முக்கி முனகிக்கொண்டு ரொம்பப் பின்தங்கிவிட்டது. வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது, நான் எதுவும் சொல்லவில்லை. உச்சியைத் தாண்டி நாங்கள் இறங்க ஆரம்பித்தோம். எங்களுக்கு முன்னால் மரக்கட்டை ஏற்றிய ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. எதிரிலும் வரிசையாக வண்டிகள். அம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வளைவில் ஜீப் தெரிந்தது. வேகமாக வந்தது. இரண்டு நாளாக ஆமை வேகத்தில் வந்த ஜீப் அப்படி வந்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா ஒருவழியாக ஓட்டக் கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். கிட்டே வந்தது, இன்னும் கிட்டே வந்தது. அப்பா வாயை அகலமாகத் திறந்து ஏதோ கத்தினார். கையை வெளியே விட்டுப் படபடவென்று ஆட்டினார். நான் சிரித்துக்கொண்டே சல்யூட் அடித்தேன். அவர் திருப்பி அடிக்கவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். ஜீப்பின் முகப்பு எங்கள் பின்கண்ணாடி முழுவதையும் அடைத்துக்கொண்டது. வெள்ளைச் சாயம் உரிந்து பம்பரில் பச்சை தெரிகிற அளவுக்குக் கிட்டே வந்துவிட்டது. நான் கை தட்டினேன்.

இதை எழுதும்போது இப்போதும் என் உள்ளங்கை வேர்க்கிறது. நான் கை தட்டினேன்.

அப்பா கத்துவதை நிறுத்திவிட்டார். அவர் முகம் அசைவில்லாமல் ஆகிவிட்டது. என்னை நேராகப் பார்த்தார். அவர் கண்கள் நன்றாகத் திறந்திருந்தன. பிறகு ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்தார். கண்ணாடியில் இருந்த வெள்ளை விலகி, சாலையும் மரங்களும் மட்டும் மிச்சம் இருந்தன. எங்கோ டமாரென்று ஒரு சத்தம் கேட்டது. காடி வளைவில் திரும்பியதும் அந்த இடமும் மறைந்துவிட்டது.

"அம்மா, அப்பாவக் காணோம்" என்றேன். "மறுபடியும் ஆரம்பிக்காத பாப்பா" என்று அம்மா ஓட்டிக்கொண்டே போனார். எவ்வளவு தூரம் போனோம் என்று எனக்குத் தெரியாது. நான் இன்னொரு முறை சொன்னேன். என்ன குரலில் சொன்னேனோ, அம்மா தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் நிறுத்தினார்.

திரும்பிப் போனபோது ஜீப் சாலையோரச் செம்மண் மேட்டில் மூக்கைக் குத்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சக்கரம் ஒன்று மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் இருந்தது. அங்கே டுரியான் பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் அப்பாவை வெளியே இழுத்துப் புல்லில் உட்கார வைத்திருந்தார். நெற்றியிலிருந்து சட்டைவரை ரத்தம். வலது கை முழங்கைக்குக் கீழே தப்பான பக்கம் வளைந்திருந்தது. ஒரு கை அந்தப் பக்கம் வளையும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. அம்மா செருப்பை எங்கோ விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினார். அப்பாவின் தலை, கழுத்து, நெஞ்சு என்று தடவிப் பார்த்தார். உயிரோடு இருக்கிறார் என்று கை நம்பிய பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

முதல் கேள்வி அப்பாவிடம் இல்லை. என் பக்கம் திரும்பி, "நீ பின்னாலதானே பாத்துக்கிட்டு இருந்த? என்னா ஆச்சு?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "அவள என்னா கேக்குற? நான் தூங்கிட்டேன் லா. கண்ணு சொக்கிப்போச்சு."

அம்மா நம்பவில்லை. "பட்டப்பகல்லயா? மலை எறக்கத்துலயா?" என்றார். மறுபடி என்னைப் பார்த்து, "நெசமா?" என்றார்.

அப்பாவின் கண் முழுக்கத் திறந்திருந்ததைப் பார்த்தவள் நான். பாடாங் ரெங்காஸில் அவர் மிதித்து மிதித்துப் பார்த்ததையும் பார்த்தவள். ஜீப்பில் கோளாறு என்று தெரிந்தால் அம்மா அவரைச் சும்மா விடமாட்டார், அதற்காகத்தான் பொய் சொல்கிறார் என்று சட்டென்று எனக்குப் பட்டது. "ஆமாம்மா, தூங்கிட்டாரு" என்றேன்.

அம்மா அப்பாவைத் திட்டிய திட்டு அந்தப் பெரியவருக்கு மொழி தெரியாமலே புரிந்திருக்கும், அவர் தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஜீப் அங்கேயே பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டது. தீர்த்தம் தெளிக்காமல் ஓட்டியதால்தான் இப்படி என்று அம்மா இன்றுவரை சொல்கிறார். அதே தீர்த்தத்துக்காகத்தான் நாங்கள் அந்த ஜீப்புக்கு முன்னால் இருந்தோம் என்று நான் சொன்னதில்லை. அதற்குப் பிறகு அப்பா பினாங்குப் பாலத்தைத் தாண்டிக் குடும்பத்தை வைத்து ஓட்டியதே இல்லை. தூரப் பயணம் என்றால் ஸ்டியரிங் அம்மாவிடம், அப்பா பக்கத்து இருக்கையில் தம்பியின் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். கல்யாண வீடுகளில் மாமன்கள், "மச்சான், தூங்கிட்டீங்களா, முழிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். வெட்கமில்லாமல் நானும் சிரித்திருக்கிறேன்.

போன ஆண்டு நானே அந்த இறக்கத்தில் காடி ஓட்டி வந்தேன். பின் இருக்கையில் என் இரண்டு பிள்ளைகள். முன்னால் ஒரு லாரி, எதிரே விடாமல் வண்டிகள், ஒதுங்க இடமில்லை. வலதுபக்கம் எதிர்வண்டிகளையும் தாண்டிப் பள்ளம், இடதுபக்கம் செம்மண் மேடு. பிரேக் பிடிக்காத வண்டியில் இருந்தவருக்கு அந்த மேட்டை விட்டால் எங்கள் காடியின் பின்பக்கம்தான் இருந்தது, அதில் நானும் தம்பியும் இருந்தோம். கீழே இறங்கியதும் ஓரமாக நிறுத்திவிட்டேன். பிரேக் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மாவின் அடுத்த கேள்வி என்னிடம் வந்திருக்கும். ஜீப் அவ்வளவு கிட்டே வந்ததைப் பார்த்துக்கொண்டு நீ ஏன் சொல்லவில்லை? ஒன்பது வயதில் அந்தக் கேள்வி காதில் விழுந்தவள் அதற்குப் பிறகு எப்படி வளர்ந்திருப்பாள் என்று எனக்கு யோசிக்கவே பயமாக இருக்கிறது. கை ஒடிந்து புல்லில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு அந்த ஒரு நிமிடத்தில் அது தோன்றியிருக்கிறது.

ஆனால் அன்று எனக்கு என்ன தெரியும். தைப்பிங் ஆஸ்பத்திரிக்கு அம்மாவே ஓட்டிப் போனார். அப்பா முன் இருக்கையில் சாய்ந்து, ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி இருந்தார். அம்மா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே வந்தார், இடையிடையே அழுதார். நான் பின்னாலிருந்து எட்டி, அம்மாவுக்குக் கேட்காமல் அப்பாவின் காதுக்குள், "பயப்படாதீங்கப்பா. நீங்க தூங்கலன்னு நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல கையைப் பின்னால் நீட்டி என் தலையைத் தேடிப் பிடித்தார், பிடித்தவர் ஆஸ்பத்திரி வாசல்வரை விடவில்லை. அவர் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அப்பாவை நான்தான் காப்பாற்றியிருக்கிறேன், அதற்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.